புதிய குழாயும் பழைய கசிவும்



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு காரின் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே செல்லும் ரப்பர் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். பட்டறைகளில் அதை ஹோஸ் என்பார்கள். முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவர்கள்கூட அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அது கெட்டுப்போகும் வரையில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே நம் நினைவுக்கு வருவதில்லை.

எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே சக்கரங்களைச் சென்று சேருகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை எஞ்சினிலிருந்து ஏந்திக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு வருவது கூலண்ட் என்னும் திரவம். கொடைக்கானல் மலைப்பாதையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற பழைய கார்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வெப்பம் இறக்கிவைக்கப்படாமல் போனதன் அடையாளம் அது.

அப்படியானால் கூலண்ட் செல்லும் வழியை ஏன் உறுதியான இரும்புக் குழாயாக வைக்காமல் ரப்பரில் வைத்தார்கள்? காரணம் எளியது. எஞ்சின் தன் தாங்கிகளின்மேல் எப்போதும் அதிர்ந்துகொண்டும் அசைந்துகொண்டும் இருக்கிறது. ரேடியேட்டரோ காரின் உடலோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. அசைகிற ஒன்றையும் அசையாத ஒன்றையும் இறுகிய குழாயால் இணைத்தால், சில நாட்களில் இரண்டில் ஒன்றின் கழுத்து முறிந்துவிடும். வளைந்து கொடுத்து, இருபக்கத்து இழுப்பையும் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிறதைச் சிந்தாமல் கொண்டுசேர்ப்பதே ஹோஸின் வேலை.

தகப்பன் விட்டுச்சென்ற கார்

வடமேற்கு லண்டனில் கூடிவருகிற நம் தமிழ்ச் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர் சென்ற ஆண்டு தம் தகப்பனாரை இழந்தார். அடக்க ஆராதனையை நடத்தினவன் நானே. தகப்பனார் விட்டுச்சென்றவற்றுள் ஒன்று, 1992-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சிவப்பு நிற மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகளும், மடக்கித் திறக்கக்கூடிய துணிக்கூரையும், 1.6 லிட்டர் எஞ்சினும் கொண்ட சிறிய விளையாட்டுக் கார். 1960-களில் ஆங்கிலேயர் செய்த லோட்டஸ் எலான் போன்ற கார்களின் மகிழ்ச்சியை மறுபடியும் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணி ஜப்பானியர் உருவாக்கிய வண்டி அது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. விலை உயர்ந்த வண்டியன்று. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் அதை எளிதில் கைவிடுவதில்லை.

இளைஞருக்கு நியூகாசிலில் வேலை கிடைத்திருந்தது. லண்டனிலிருந்து ஏறத்தாழ 280 மைல். இந்தக் காரிலேயே போய்வருவேன் என்றார். தாயாருக்கு அதில் விருப்பம் இல்லை. ஓர் ஆராதனைக்குப் பின்பு அந்தச் சகோதரி என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அதை விற்றுவிடச் சொல்லுங்கள். அவன் ராத்திரி பகலாய் அந்தக் கேரேஜிலேயே இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை" என்றார்.

இறையியல் கல்லூரிக்குச் செல்வதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன் என்பது சபையார் பலருக்குத் தெரியும். ஆகவே விற்கச் சொல்வதற்குமுன் வண்டியைப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். கேரேஜில் ஒரு அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பளபளக்கும் நீல நிறத்தில், பல வளைவுகளோடு, ஒரு முழு செட் சிலிக்கோன் ஹோஸ்கள்.

"ரப்பர் ஹோஸ் ஒன்று ஊறிப்போய்விட்டது, ஐயா. அதனால் எல்லாவற்றையும் மாற்றிவிடப் போகிறேன். இது பந்தயக் கார்களில் போடுகிறது. இனிமேல் இதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்" என்றார்.

"தம்பி, அந்த ஒன்று ஏன் ஊறிப்போயிற்று என்று பார்த்தாயா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அங்கேயிருந்துதான் எங்கள் வேலை தொடங்கிற்று.

கண்ணுக்குத் தெரியாத விரிசல்

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. முதலில் கைகளால் சோதிக்கச் சொன்னேன். ஹோஸைக் கண்ணால் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. அந்தக் காரின் ரேடியேட்டருக்கு மேலே செல்லும் ஹோஸ் கருமையாக, மினுமினுப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. நடுப்பகுதியை விரல்களுக்கு இடையே வைத்து அழுத்தினால் உறுதியாக இருந்தது. கிளாம்ப் போட்டிருந்த இடத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் அழுத்தியபோது மட்டும் விரல் உள்ளே போயிற்று. அங்கே ரப்பருக்குள் ஒரு பள்ளம் இருப்பதுபோலத் தோன்றிற்று.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இக்காலத்துக் கார்களில் ஹோஸ் செய்யப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். வெப்பத்தையும் காற்றிலுள்ள ஓசோனையும் நன்றாகத் தாங்கக்கூடியது. அது பெரும்பாலும் வெளியிலிருந்து கெடுவதில்லை. எஞ்சினில் இரும்பும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இடையே கூலண்ட் நிற்கிறது. இரண்டு உலோகமும் நடுவே மின்சாரத்தைக் கடத்தும் ஒரு திரவமும் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரிபோல ஆகிவிடுகிறது. அந்த மெல்லிய மின்னோட்டம் ரப்பரின் உட்சுவரை, முக்கியமாக உலோகக் கழுத்தைத் தொடுகிற முனைகளின் அருகே, அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் நீளவாக்கில் உண்டாகின்றன. அவற்றின் வழியாகக் கூலண்ட் ரப்பருக்குள் இருக்கும் நூல்வலையைச் சென்று தொட்டு அதையும் பலவீனப்படுத்துகிறது. வெளியே எல்லாம் சுகமாகத் தெரிகிறது. ஒரு நாள் நெடுஞ்சாலையில், எஞ்சின் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் அளவு உயர்ந்து நிற்கிற வேளையில், அது திறந்துகொள்கிறது.

அப்படித் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினின் அடிக்கட்டை இரும்பு. மேலே உள்ள சிலிண்டர் ஹெட் அலுமினியம். கூலண்ட் போய்விட்டால் சில நிமிடங்களுக்குள் அலுமினியம் வளைந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் பிளந்துவிடும். அதோடு எஞ்சின் முடிந்தது என்றே பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெப்பநிலையை அளக்கிற கருவி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். திரவம் வடிந்துபோனபின் அது காற்றைத்தான் அளக்கிறது. எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கி, எல்லாம் சமாதானமாக இருப்பதுபோலக் காட்டக்கூடும்.

அந்தத் தாயின் பயம் வீண்பயம் அல்ல என்பதை இதிலிருந்து நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

பின்பு இளைஞர் சொன்ன, ஊறிப்போன ஹோஸைப் பார்த்தோம். அது எஞ்சினின் பின்புறத்திலிருந்து ஹீட்டருக்குச் செல்வது. எஞ்சினுக்கும் பயணிகள் அறைச் சுவருக்கும் இடையே கை நுழைவதே கடினமான இடத்தில் இருக்கிறது. தொட்டபோது பஞ்சுபோல இருந்தது. விரலில் எண்ணெய் ஒட்டிற்று. இது முன்பு சொன்ன நோய் அன்று. இந்தக் காரை அறிந்தவர்களுக்கு இது பழகின சங்கதி. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் கேம்ஷாப்டின் நிலையை அறிகிற சென்சார் ஒன்று உண்டு. அதன் கழுத்தில் ஒரு சிறிய ரப்பர் ஓ-ரிங். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஓ-ரிங் கல்போல இறுகிவிடுகிறது. எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து கீழேயுள்ள ஹோஸின்மேல் விழுகிறது. ஈ.பி.டி.எம். ரப்பர் எதைத் தாங்கினாலும் எண்ணெயைத் தாங்காது. குடித்து, உப்பி, தளர்ந்துவிடும்.

"சிலிக்கோன் போட்டால் இது வராது அல்லவா?" என்று இளைஞர் கேட்டார்.

வரும் என்பதே உண்மை. சாதாரண சிலிக்கோனும் எண்ணெயில் ஊறி உப்பக்கூடியதே. பந்தயக் கார்களில் போடுகிறார்கள் என்பதற்காக அந்த ஓ-ரிங்கின் கசிவு அதற்கு இரக்கம் காட்டாது. காரணத்தை அப்படியே வைத்துவிட்டுப் பொருளை மட்டும் மாற்றினால், சில ஆண்டுகளில் கறுப்பு ஹோஸ் இருந்த இடத்தில் நீல ஹோஸ் ஊறிக்கிடக்கும்.

சிலிக்கோனின் நன்மையும் அதன் பலவீனமும்

இங்கே சிலிக்கோனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கரியணுக்களால் ஆனது. சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. அந்தச் சிலிக்கான் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. மணலின்மேல் வீடு கட்டாதேயுங்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரசங்கிக்கிற நான், மணலிலிருந்து வந்த ஒன்றைப் புகழ வேண்டியிருப்பதை எண்ணி அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சங்கிலி வெப்பத்துக்கு எளிதில் அறுந்துபோவதில்லை. ஈ.பி.டி.எம். தொடர்ந்து ஏறத்தாழ 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்குமானால், சிலிக்கோன் 180 டிகிரி வரையிலும் தாங்கும். முதுமையினால் அது இறுகுவதும் வெடிப்பதும் மிகக் குறைவு. மின்னோட்டத்தின் அரிப்பும் அதை எளிதில் தொடுவதில்லை. பல அடுக்குப் பாலியஸ்டர் துணி வைத்துச் செய்த நல்ல ஹோஸ் நீண்ட காலம் உழைக்கும்.

ஆனால் சாலையில் ஓடுகிற காரின் கூலண்ட் 85 முதல் 100 டிகிரி அளவில்தான் இருக்கிறது. ஆகையால் நல்ல ரப்பர் ஹோஸே அதற்குப் போதுமானது. சிலிக்கோன் போடுகிறவர் அதன் குணங்களையும் அறிந்து போட வேண்டும். எண்ணெயையும் பெட்ரோலையும் அது வெறுக்கும் என்று சொன்னேன். இன்னும் இரண்டு உண்டு.

முதலாவது, அது மிருதுவானது. பழைய திருகு கிளாம்பில் வரிவரியாக வெட்டிய துளைகள் இருக்கும். அதை இறுக்கினால் சிலிக்கோன் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும். உட்பக்கம் வழவழப்பான தகடு வைத்த கிளாம்ப் வேண்டும். அல்லது சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி, எப்போதும் ஒரே அளவாய்ப் பிடிக்கிற ஸ்பிரிங் வகை வேண்டும். அதிகமாய் இறுக்குவதே பத்திரம் என்று எண்ணுவது இங்கே பொய்த்துப்போகும். இரண்டாவது, சிலிக்கோனின் சுவர் நீராவியை மிக மெதுவாக வெளியே விடும். எங்கேயும் ஒரு துளிகூடச் சொட்டாமல் இருந்தும், மாதங்கள் செல்லும்போது கூலண்டின் மட்டம் சற்றே இறங்கும். ரப்பர் ஹோஸ் வைத்திருந்தவர் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தது போதுமென்றால், சிலிக்கோன் வைத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டும். மேலானது என்று வாங்கினது அதிகக் கவனத்தைக் கேட்கிறது.

இவற்றையெல்லாம் சொன்னபோது இளைஞரின் முகம் வாடிற்று. "அப்படியானால் திருப்பி அனுப்பிவிடவா?" என்றார். "வேண்டாம். போடு. ஓ-ரிங்கை முதலில் மாற்று; நல்ல கிளாம்ப் வாங்கு; பார்த்துக்கொள்கிறவனாய் இரு" என்றேன்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம்

அடுத்த சனிக்கிழமைக்குள் ஓ-ரிங் வந்துவிட்டது. சில பவுண்டுகள்தான் விலை. காரின் விவரப் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். கையுறைப் பெட்டியிலிருந்து அதை எடுத்தபோது, கூடவே ரப்பர் பட்டை போட்ட ஒரு சிறிய நோட்டும் வந்தது. தகப்பனாருடைய கையெழுத்து. எண்ணெய் மாற்றின நாள், பிரேக் பேட் மாற்றின நாள், ஓடின மைல் என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து பதினைந்து ஆண்டுகளின் குறிப்புகள். இளைஞர் அதை முன்பே பார்த்திருந்தார். ஆனால் வாசிக்க மனம் வரவில்லை என்றார்.

கடைசிப் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. நான்காவது வரியில், "பின் ஹோஸ் - எண்ணெய் - ஓ-ரிங் பார்க்க" என்று எழுதியிருந்தார். மற்ற மூன்று வேலைகளின் எதிரே செய்து முடித்த அடையாளக்கோடு இருந்தது. இதற்கு எதிரே இல்லை. அந்த நாட்களில்தான் அவர் மருத்துவமனைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்.

இளைஞர் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

பின்பு வேலையில் இறங்கினோம். கூலண்டை ஒரு தொட்டியில் வடித்து மூடிவைத்தோம். அதன் சுவை இனிப்பு. பூனையும் நாயும் நக்கிக் குடித்துச் சாகும். ஆகையால் அதைத் தரையில் விடவோ சாக்கடையில் ஊற்றவோ கூடாது. பழைய ஹோஸ்களைத் திருகி இழுக்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தோம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி முப்பது ஆண்டுகளில் பழுப்பேறியிருந்தது. இழுத்தால் கழுத்து ஒடிந்துவிடும். கீறிப் பிரித்த ஹோஸின் உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். வெளியே மினுமினுத்த அதே ஹோஸ், உள்ளே முனையருகே வறண்ட குளத்து மண்போலக் கீறல் விட்டிருந்தது.

உலோகக் கழுத்துகளில் வெள்ளையாய்ப் படிந்திருந்த உப்பைத் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. இந்த வேலையைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல ஹோஸ் வாங்கினாலும், சொரசொரப்பான கழுத்தின்மேல் மாட்டினால் கசியும். சென்சாரைக் கழற்றுவதற்குமுன் அது நின்ற நிலையைக் கோடு போட்டு அடையாளப்படுத்தினோம். ஏனென்றால் அது சற்றுத் திரும்பினாலும் எஞ்சின் தீப்பொறி விடுகிற நேரம் மாறிவிடும். பழைய ஓ-ரிங் வளையாமல் இரண்டாக ஒடிந்து வந்தது. புதியதை எண்ணெய் தடவிப் பொருத்தினோம். நீல ஹோஸ்களை எண்ணெய் தடவாமல் தண்ணீர் மட்டும் தொட்டு மாட்டினோம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்கு இரண்டு. காற்று உள்ளே போகிற பாகத்தின் அடியில் ஒளிந்திருக்கும் விரல்பருமன் ஹோஸ்களையும் விட்டுவைக்கவில்லை. சிறியதிலும் பெரியதிலும் உள்ள அழுத்தம் ஒன்றே. பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, மறைந்திருக்கும் சிறியதை விட்டுவிட்டால், வண்டி அந்தச் சிறியதினால் நிற்கும்.

அந்தச் சிறிய ஹோஸ்களுக்கு மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருந்தது. டார்ச் பிடிக்க ஆள் இல்லை. இளைஞர் சற்று யோசித்துவிட்டு வீட்டுக்குள் போய், "அம்மா, கொஞ்சம் வந்து விளக்குப் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தச் சகோதரி சேலையின்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விளக்கைப் பிடித்தபடியே, பலகையின்மேல் திறந்துகிடந்த நோட்டைப் பார்த்தார். "இது அப்பா எழுதினதா?" என்றார். மகன் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினார். அது என்ன, எங்கே இருந்தது, ஏன் கசிந்தது என்று விளக்கிச் சொன்னார். ஒடிந்த ஓ-ரிங்கைத் தாயார் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதற்குப்பின் அவர்கள் இருவரும் தகப்பனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் கழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதிய கூலண்டையும் சுத்திகரித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினோம். அந்தக் கலவை மைனஸ் 35 டிகிரி வரையில் உறையாது. அழுத்தத்தின்கீழ் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. காரின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே தங்கியிருந்த காற்று குமிழ்குமிழாய் வெளிவந்தது. ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி மீதியையும் வெளியேற்றினோம். எல்லாக் காற்றும் போயிற்று என்பதற்கு அடையாளம், ஹீட்டரிலிருந்து நல்ல சூடான காற்று விடாமல் வருவது. மறுநாள் குளிர்ந்தபின் கிளாம்ப்களை மறுபடியும் பார்க்கும்படி சொன்னேன். இரண்டில் அரைச்சுற்று இறுக்க வேண்டியிருந்தது என்று ஆராதனைக்கு வந்தபோது சொன்னார்.

வண்டி விற்கப்படவில்லை. இளைஞர் நியூகாசிலுக்கு அதிலேதான் போனார். போகும்முன் கூலண்ட் பாத்திரத்தின் பக்கத்தில் மட்டத்துக்கு ஒரு கோடு வரைந்து, ஞாயிறுதோறும் பார்த்து அந்த நோட்டில் எழுதுகிறார். எழுதினதைத் தாயாருக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்கிறார். முதல் மூன்று மாதத்தில் மட்டம் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக இறங்கியிருந்ததாம். கசிவைத் தேடிப் பயந்தவரிடம், அது சிலிக்கோனின் சுபாவம், கொஞ்சம் ஊற்றி மறுபடியும் கோடு போடு என்று சொன்னேன். ஹோஸின்மேல் எண்ணெய் விழவில்லை.

நமக்கான சிந்தனை

பிரியமானவர்களே, பழைய துருத்திகளைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்துத் துருத்தி தோலால் ஆனது. புதிதாக இருக்கும்போது இழுக்கும், வளையும்; பழகப்பழக இறுகும்; புளிக்கிற ரசத்தின் அழுத்தத்தை அது தாங்காது. அந்த உவமையைக் கேட்டவர்கள் தங்கள் கையால் துருத்தியை அமுக்கிப் பார்த்துப் பழகினவர்கள். அந்தக் கேரேஜில் ஹோஸை அமுக்கியபோது அந்த உவமை எனக்கு முன்பைவிட நெருக்கமாயிற்று.

நம் வீடுகளிலும் சபையிலும் ஒன்று ஊறிப்போனால் அதை மாற்றிவிட நாம் விரைகிறோம். வேலையை மாற்றுகிறோம், ஊரை மாற்றுகிறோம், சிலர் சபையையே மாற்றுகிறார்கள். மாற்றுவது தவறு அல்ல. முப்பது ஆண்டு ஆன ரப்பரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மேலேயிருந்து எது துளித்துளியாய் விழுந்தது என்று கேளாமல் மாற்றினால், அதே துளி புதியதின்மேலும் விழும். பேசாமல் விட்ட ஒரு வார்த்தை, மன்னியாமல் வைத்த ஒரு சங்கதி, சில பவுண்டு விலையுள்ள ஓ-ரிங்போலச் சிறியதாகவே இருக்கும்.

இணைப்பின் அருகேதான் ஹோஸ் முதலில் தளர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு பேருக்கு நடுவே நின்று இருபக்கத்து இழுப்பையும் தாங்குகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு மகன், தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு தாய், சபையில் இரு தரப்புக்கு நடுவே ஒரு மூப்பர். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சுகம் என்று முடிவுசெய்யாதேயுங்கள். அருகே போய், அமர்ந்து, விசாரியுங்கள்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மாதத்துக்கு ஒருமுறை கூலண்டின் மட்டத்தைப் பாருங்கள். ஹோஸின் முனைகளை அமுக்கிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவாதேயுங்கள். கொதிநீர் முகத்தில் பாயும். வழியில் வெப்ப முள் ஏறினால் ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதேயுங்கள். ஹீட்டரிலிருந்து வந்த சூடான காற்று திடீரெனக் குளிர்ந்துபோனால், முள் என்ன காட்டினாலும் உடனே நிறுத்துங்கள். உள்ளே கூலண்ட் இல்லை என்று அதற்குப் பொருள்.

இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் யாரிடமாவது விளக்குப் பிடிக்க வரும்படி கேளுங்கள். எந்த வேலையாயினும் சரி.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.